ஆற்றுக்கு மேலே கழற்றிய சப்பாத்து

பிள்ளைகளே, அடுத்த கிழமை சுவிஸ் மலையில் உங்களோடு கேபிள் காரில் ஏற வேண்டும். எனக்கோ உயரம் என்றால் பயம். நான் நடுங்கி உங்களையும் பயப்படுத்திவிடுவேனோ என்று, முதலில் லண்டனில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் கேபிள் காரில் நீங்கள் இல்லாமல் ஏறிப் பார்த்தேன்.

பெட்டிக்குள் எதிர் இருக்கையில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு தமிழ் அக்கா. ஆற்றுக்கு நடுவில் பெட்டி நின்று காற்றில் ஆடியது. அவர் மெல்லக் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார்.

"ஏனக்கா கழட்டுறியள்?"

"பயம் வந்தா கழட்டிப்போடுவன், தம்பி. சப்பாத்து இல்லாட்டி ஓட மனம் வராது."

"இதுக்குள்ள எங்கயக்கா ஓடுறது?"

"ஐயோ, அதைச் சொல்லாதையும்! அதை நினைக்காமல்தான் இருக்கிறன்."

இருவரும் சிரித்துவிட்டோம். பெட்டி நகர்ந்தது. இறங்கும்போதும் அவர் சப்பாத்தைக் கையில்தான் வைத்திருந்தார். அந்தப் பயத்திலும் எப்படிப் பகிடி விட்டாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் போனபின், வீடு திரும்ப ரயில் இருந்தும், நான் தனியாக மறுபடியும் கேபிள் காரில் ஏறினேன்.