இரவுப் பங்கு

எங்கள் ஊர் ஐஸ் தொழிற்சாலையில் ஐஸைத் தவிர எல்லாம் இருந்தது. சீமெந்துக் கட்டடம் கடலைப் பார்த்தபடி நின்றது. கொழும்பிலிருந்து லொறியில் வந்த இயந்திரம் உள்ளே சாக்குப் போர்த்திக் கிடந்தது. வாசலில் பெயர்ப்பலகைகூடத் தொங்கியது. மின்சாரம்தான் வரவில்லை. ஊர்ச் சனம் அதற்குள் வலை காயப்போட்டது. மழைக்கு ஆடுகள் ஒதுங்கின. ஆட்டுக்குக் கட்டின மாளிகை என்று என் மனைவி சொல்வாள். அவளுடைய காப்புகள் அந்தச் சுவருக்குள் போயிருந்தபடியால் அப்படிச் சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது.

நாங்கள் வடகரையில் கடல் தொழில் செய்யும் சனம். விடியற்புறம் வள்ளங்கள் கரைக்கு வரும். மீனைக் கொழும்புக்கு ஏற்ற ஐஸ் வேண்டும். அது பட்டணத்திலிருந்து வந்து சேர்வதற்குள் மீன் தன்னுடைய கருத்தைச் சொல்லத் தொடங்கிவிடும். லொறிக்கார முதலாளி மூக்கைச் சுளித்தபடி விலை சொல்வார். சுளிப்புக் கூடக்கூட விலை இறங்கும். அந்த மூக்கை நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று வள்ளக்காரரைக் கூட்டி வைத்து வீரம் பேசி அந்தக் கட்டடத்தை எழுப்பியவன் நான். மின்சாரம் தானாக வரும் என்றும் சொல்லியிருந்தேன். வெயில் வருகிறது, மழை வருகிறது, மாமியார் வருகிறார், மின்சாரம் மட்டும் வராமலா போகும் என்பது என் நினைப்பு.

பட்டணத்து மின்சாரக் கந்தோரில் இருந்த இஞ்சினியர் நல்ல மனிதர். இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு ஐஸ் தொழிற்சாலைக்காக அவ்வளவு தூரம் கம்பி இழுக்க முடியாது என்றார். அதே காலையில் என்னோடு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த இரண்டு பேருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஒருவர் எங்களுக்கு உள்நாட்டுப் பக்கமாக இருந்த ஊரின் புகையிலைத் தோட்டக்காரர். மற்றவர் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் வெங்காயம் செய்கிற ஒரு அக்கா. வெளிநாட்டு வெங்காயத்தை அரசாங்கம் மறித்திருந்த காலம் அது. எங்கள் வெங்காயத்துக்கு யோகம் அடித்தது. ஆனால் தோட்டத்துக்கு இறைக்கிற மண்ணெண்ணெய் மெஷின், வந்த யோகத்தில் பாதியைக் குடித்துவிடும். இருவருக்கும் மின்சார மோட்டர் வேண்டும்.

கதவடியில் இஞ்சினியர் ஒரு சொல் சொன்னார். தனித்தனியே வந்தால் தரமாட்டோம். மூன்று ஊரும் ஒரு சங்கமாகி, எங்களிடம் மொத்தமாக வாங்கி, உங்களுக்குள் பிரித்துக்கொள்வதென்றால் பார்க்கலாம். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். எங்கள் மூன்று ஊரும் ஒரு கோயில் திருவிழாவைக்கூடச் சண்டையில்லாமல் ஒன்றாகப் பார்த்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்புத்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் புகையிலைக்காரர் என் பக்கம் பார்க்காமலே, "உவர் எங்களைப் பாத்துச் சிரிச்சவர், கண்டனீரோ?" என்றார். கண்டேன் என்றேன். "அப்ப சங்கத்தைத் துவங்குவம்" என்றார். அவர் வேலி வழக்கு நடத்தியே வயது போனவர். எல்லை வேலியில் நட்ட ஒரு பூவரசங் கதியாலுக்காகப் பக்கத்து வளவுக்காரரோடு பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடிக்கும்வரை நீதிமன்றம் ஏறியிறங்கியவர். எதிராளி இல்லாமல் இருப்பது அவருக்கு உடம்புக்கு ஒத்துவராது. இப்போது பெரிய எதிராளியாக ஒரு கந்தோரே கிடைத்துவிட்டது.

முதற் கூட்டம் அவருடைய ஊரின் கூட்டுறவுச் சங்கக் கடையில் நடந்தது. மற்றவர்களுக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணி வந்தது. எனக்கு ஒரு சோடாப் போத்தல் உடைத்துக் கொடுத்தார்கள். கடற்கரைச் சனத்துக்குத் தங்கள் பேணியைக் கொடுக்காமல் மரியாதையும் செய்வதற்குச் சோடாவைப் போல ஒரு கண்டுபிடிப்பு இல்லை. நான் ஏப்பம் விடுவதற்காக வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். தலைவர் புகையிலைக்காரர். பொருளாளர் அக்கா. சங்கத்தின் பெயரில் எந்த ஊர் முதலில் வருவது என்று பொழுதுபடும்வரை இழுபட்டு, கடைசியில் ஒரு ஊரின் பெயரும் இல்லாமல் வைத்தோம்.

சங்கத்தின் விதிகளை, அதாவது யாப்பை, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. டிரான்ஸ்போமர் ஒன்றுதான் கிடைக்கும், எல்லா மோட்டர்களையும் ஐஸ் இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் அது தாங்காது, ஆகவே முறை வைத்துப் பிரிக்கவேண்டும் என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார். பலர் சேர்ந்து ஒன்றைப் பிரித்துக்கொள்வதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, பங்குக் கிணறு. ஒரு கிணறு, பல பங்காளிகள், ஆளுக்கொரு நாள். உன் முறையில் தண்ணீர் முழுதும் உனக்கு, என் முறையில் நீ துலாவில் கைவைக்கக் கூடாது. ஒரு பழைய கிணற்று உறுதிப் பத்திரத்தை இரவல் வாங்கி, தண்ணீர் என்று இருந்த இடமெல்லாம் மின்சாரம் என்று போட்டேன். திங்கள் புகையிலைக்கு, செவ்வாய் வெங்காயத்துக்கு, புதன் ஐஸுக்கு, பிறகு முதலிலிருந்து. சட்டம் படிக்காமல் கெட்டுப்போனேனே என்று அன்றைக்கு எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "அப்ப மற்ற நாளையிலை மீன் படவேண்டாம் எண்டு கடலுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றாள்.

ஆகவே இரண்டாம் கூட்டத்தில் நாளை விட்டு நேரத்துக்குப் போனோம். விளக்குகளுக்குக் கொஞ்சம் எந்நேரமும் ஒதுக்குவதென்று முடிந்தது. அது போக, தலைவர் தன் ஊருக்குக் காலையை எடுத்தார். அக்கா ஊருக்குப் பின்னேரம். பிறகு என்னைப் பார்த்து, "கடற்கரைக்கு இரவு" என்றார்.

பங்குக் கிணற்றில் இரவு முறை என்பது, ஏழைப் பங்காளிக்கும் சண்டை பிடிக்கத் தெரியாதவனுக்கும் தள்ளிவிடுகிற முறை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் மேளம் அடித்தது. வள்ளங்கள் கடலில் நிற்கிற இரவில்தான் ஐஸ் உறையவேண்டும், விடிய மீன் வரும்போது கட்டி கையில் இருக்கவேண்டும். கேட்டு வாங்கினாலும் இதைவிட நல்ல பங்கு கிடைத்திராது. ஆனால் சந்தோசப்பட்டால் பிடுங்கிவிடுவார்களே. முகத்தைத் தொங்கப் போட்டேன். கடற்கரைச் சனத்துக்கு எப்போதும் இருட்டுத்தானா என்று தொண்டை தழுதழுக்கக் கேட்டேன். நண்பகலில் கொஞ்ச நேரமாவது தரக்கூடாதா என்று கெஞ்சினேன். தலைவர் மசியவில்லை. நான் தோற்று உட்கார்ந்தேன். அக்கா மட்டும் என்னைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்தார்.

யாப்பைக் கொண்டுபோனபோது இஞ்சினியர் சிரிக்கவில்லை. எங்களிடமிருந்து அதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, தலைவரையும் அக்காவையும் மட்டும் பார்த்துக் கதைத்தார். கடற்கரை மணலில் தூண் நிற்கக் கஷ்டம், உப்புக் காற்று, செலவு. கம்பியை அக்கா ஊரோடு நிறுத்திக்கொண்டால் வருகிற மாதமே வேலை தொடங்கலாம். மூன்று ஊர்ச் சங்கம் வேண்டாம், இரண்டு போதும்.

நான் நிலத்தைப் பார்த்தேன். சாக்குப் போர்த்த இயந்திரமும் மனைவியின் வெறுங்கையும் கந்தோர்ச் சீமெந்தில் தெளிவாகத் தெரிந்தன. பகடி ஒன்றும் வாயில் வரவில்லை. சோடாப் போத்தல் தந்தவர்கள், இரவைத் தள்ளிவிட்டவர்கள். எனக்காக ஏன் கதைக்கப்போகிறார்கள்?

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அது ஏலாது ஐயா. இது பங்கு."

மின்சாரத்தில் என்ன பங்கு என்று இஞ்சினியர் கேட்டார்.

"எங்கடை தேசவழமைச் சட்டத்திலை ஒரு பங்காளியை விலத்திப்போட்டு மற்றவன் வெளி ஆளோடை பேரம் பேசேலாது. முதலிலை பங்காளியைக் கேக்கவேணும். தம்பி, விலகிறீரோ?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"அவர் விலகேல்லையாம். அப்ப கதை முடிஞ்சுது" என்றார் தலைவர்.

அந்தச் சட்டம் காணிக்குத்தான் என்று இஞ்சினியர் சொல்லிப் பார்த்தார். சட்டத்தைப் பற்றி அவரிடம் கதைத்திருக்கக் கூடாது. தலைவருடைய முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய கதியால் வழக்கை முதலிலிருந்து எடுத்தார். கொஞ்சநேரத்தில் பொறுமையிழந்த இஞ்சினியர், அப்படியென்றால் ஒருவருக்கும் இல்லை என்றார்.

அக்கா எழும்பினார். "தராட்டில் விடுங்கோ. நாங்கள் மண்ணெண்ணெயிலைதான் பிறந்தனாங்கள். ஆனா மூண்டு ஊருக்கும் ஏன் இல்லை எண்டு நீங்களே ஊருக்கு முன்னாலை சொல்லவேணும். நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறம்."

கூட்டிக்கொண்டுதான் வந்தார். கந்தோரின் நீள விறாந்தை நிறைந்தது. வெங்காயக்காரர் வெங்காயப் பிடியோடு வந்தார்கள், புகையிலைக்காரர் பதப்படுத்திப் பாடம் போட்ட புகையிலையோடு. தங்கள் தங்கள் விளைச்சலைக் காட்டுவதுதான் ஏற்பாடு. என் பங்குக்கு நான் ஒரு ஓலைக் கடகம் நிறைய மீன் கொண்டுபோனேன். நல்ல மீன், விடியப் பட்டது. ஐஸ் மட்டும் இல்லை.

முற்பகலில் மீன் மரியாதையாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற விறாந்தையில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கடகத்தை நான் இஞ்சினியரின் யன்னலுக்குக் கீழே நிழல் பார்த்து நகர்த்தினேன். நிழல் அங்கேதான் இருந்தது, என்மேல் பிழை இல்லை. எழுதுவினைஞர்கள் ஒவ்வொருவராகத் தேத்தண்ணிக்குப் போனார்கள். போனவர்கள் வரவில்லை. கடைசியில் இஞ்சினியர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அது என்ன என்று கேட்டார்.

"எங்கடை விண்ணப்பம் ஐயா" என்றேன். பகடி எனக்குத் திரும்பியிருந்தது. "ஐஸ் இல்லாட்டில் இப்பிடித்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒண்டு கொண்டுவந்து காட்டலாம்."

லொறிக்கார முதலாளி எங்களுக்கு ஆயுள் முழுதும் சுளித்த மூக்கை அன்றைக்கு ஒரு கந்தோரே சுளித்தது. அன்று பின்னேரமே மூன்று ஊருக்குமான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை.

தூண்கள் வந்தன. தலைவர் ஒவ்வொரு தூணையும் யாருடைய பக்கமும் சாயாமல் சரியாக எல்லையில் நடவேண்டும் என்று குழி தோண்டிய அலவாங்குக்காரரோடு தர்க்கித்ததில், கம்பி எங்கள் ஊருக்கு வேலி வேலியாக வளைந்து வளைந்து வந்தது. ஆனால் வந்தது.

முதல் ஐஸ் கட்டிகளை எடுத்த காலையில் தலைவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. பெண்கள் மீனுக்கிடையில் ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லொறிக்கார முதலாளியின் மூக்கு, நான் சத்தியம் செய்தபடியே, நேராக நின்றது. தலைவர் எல்லாவற்றையும் பார்த்தார். வெயிலாக இருந்தது. என் மனைவி எங்கள் பேணியில் தண்ணீர் வார்த்து, ஒரு ஐஸ் துண்டும் போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் சோடா இல்லை. அவர் பேணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வாய் வைத்துக் குடித்தார். பல் கூசியது, முகம் கோணியது. ஆனால் அடிவரை குடித்தார்.

குடித்துவிட்டு, "இரவெல்லோ ஐஸுக்குத் திறம் நேரம்" என்றார் மெதுவாக. "உமக்கு இது அண்டைக்கே தெரியும்."

அன்றைக்கு மனம் உடைந்துபோய் இருந்ததாகச் சொன்னேன்.

"எனக்கும் ஒரு குளிர் அறை போட விருப்பமாக் கிடக்கு. உருளைக்கிழங்கு வைக்கலாம். முறையை மாத்துவமோ தம்பி?"

"மாத்தலாம் அண்ணை" என்றேன். "ஆனா முதலிலை பங்காளியளைக் கேக்கவேணும். எங்கடை தேசவழமை."

அவர் வெறும் பேணியை என் மனைவியிடம் நீட்டி, இன்னொரு துண்டு ஐஸ் போடச் சொன்னார்.