உங்கள் மாமா பிரேக் பிடித்தார்

உங்கள் செல்வம் மாமாவின் முழங்காலை உடைத்தவன் நான்தான்.

பந்தயக் கார் உடைத்தது என்றுதானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறோம்? வளைவில் மாமா நேரத்துக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே கேட்டு வளர்ந்தீர்கள்? பொய்! அந்தப் பொய்யை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது நீங்கள் சின்னவர்கள். அட்டனில் என் கராஜுக்குத் தேயிலை லொறிகள்தான் அதிகம் வரும். கொழும்பு முதலாளி ஒருவர் தன் பந்தயக் காரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதை ஓட்ட, உங்கள் அம்மாவின் தம்பி செல்வத்தைக் கொண்டுபோய் நிறுத்தியவனும் நான்தான். நுவரெலியாவில் பந்தயம். காலையில் பயிற்சி, மத்தியானம் போட்டி.

பயிற்சியில் ஐந்து சுற்று ஓடிவிட்டு வந்து நின்றான். என்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. முன்சக்கரத்துக்குள்ளே பிரேக் தட்டு தணலாகச் சிவந்து கிடந்தது.

"மச்சான், பெடலு பஞ்சு மாதிரி உள்ள போவுது. ரெண்டு மிதி மிதிச்சாத்தான் புடிக்குது."

"எறங்கு. நான் பாக்குறேன்."

கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும் என்பது எந்த லொறிக்காரனுக்கும் தெரியும். அதனால் பொனட்டைத் திறந்து ஆறவிட்டேன். ஆனால் பிரேக்குக்கு...? கினிகத்தேனை இறக்கத்தில் நம் லொறிக்காரர்கள் செய்வதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். றொசல்லப் பக்கம் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நிறுத்தி, புகைகிற சக்கரத்துக்கு வாளி வாளியாக அடிப்பார்கள். லொறியின் கனத்த பிரேக் டிரம் அதைத் தாங்கும். அந்தப் பழக்கத்தில் நானும் வாளியைத் தூக்கினேன்.

பக்கத்துக் காரின் மெக்கானிக், கொழும்பிலிருந்து வந்த கண்ணாடி போட்ட பெரியவர், ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்க பாஸ்! மெல்ல ஒரு சுத்து ஓடவிடுங்க, காத்துல தானா ஆறும். இந்தச் சூட்டுல தண்ணி பட்டா தட்டு வெடிச்சிரும்."

"கொழும்புல ஏதுய்யா மலை? பிரேக் சூட்டப் பத்தி நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது...

ஊற்றினேன். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. ஆவிக்குள்ளே சின்னதாக ஒரு சத்தம். 'டிக்'.

குனிந்து பார்த்தேன். தட்டில் நக நீளத்துக்கு ஒரு கீறல்.

மாற்றுத் தட்டு கிடையாது. சொன்னால் போட்டி கிடையாது. அந்தக் கண்ணாடிக்காரரின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதுதான் என் கவலை! உங்கள் மாமாவின் உயிர் அல்ல... கொதித்துப்போன பிரேக் எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றினேன். பெடல் இறுகிவிட்டது.

"சரியாப் போச்சு, போ" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

மூன்றாம் சுற்று. இறக்கத்து வளைவில் தட்டு இரண்டாகப் பிளந்தது. கார் நேரே கல்மதிலில் போய் மோதியது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்: "நான் மிதிச்சேன் மச்சான். சத்தியமா மிதிச்சேன்."

"பயத்துல ஒனக்கு ஞாபகமில்ல. லேட்டாத்தான் மிதிச்ச. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்?"

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தலையாட்டினான். என்னை நம்பினான்! அதற்குள் உடைந்த கார் என் கராஜுக்கு வந்திருந்தது; தட்டின் துண்டுகளைப் பழைய இரும்புக் குவியலுக்குள் நான் புதைத்தும் விட்டிருந்தேன்.

அத்தோடு நின்றேனா? கால் தேறியபின் தோட்டத்து பெக்டரி லொறிக்கு டிரைவர் தேடினார்கள். பெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் என்னிடம் வந்து கேட்டார், "ஒங்க மச்சான் எப்படி?"

"அவசரக்காரன் சேர். நம்பி லொறி குடுக்க முடியாது."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் நல்ல டிரைவர் என்றால், பிறகு பிழை யாருடையது என்ற கேள்வி வருமே! நீங்கள் அவரை 'லேட் பிரேக் மாமா' என்று கேலி செய்தபோதும் நான் சேர்ந்துதான் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் பூண்டுலோயாவுக்குப் போனேன். மாமா அங்கே மரக்கறிக் கடையில் மூட்டை நிறுக்கிறார் அல்லவா? கடை வாசலை மறித்து ஒரு லொறி நின்றது. டிரைவரைக் காணோம்.

"செல்வம், லொறிய கொஞ்சம் பின்னால எடுத்து விடு" என்றார் கடை முதலாளி.

"வேணாங்க மொதலாளி. எனக்கு நேரத்துக்குப் பிரேக்குல கால் போகாது. யாரு மேலயாச்சும் ஏத்திருவேன்."

"ரேஸ்காரருக்கு லொறிய நகத்தப் பயமாம்டோய்!" என்று மூட்டை தூக்குகிறவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்...

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை! என்னைக் கண்டதும் அவர் நொண்டிக்கொண்டே வந்து, "வாங்க மச்சான், டீ குடிப்போம்" என்று கையைப் பிடித்தார். குடித்தேன். காசையும் அவரே கொடுத்தார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதைப் படித்ததும் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்வீர்களா? சொல்லாதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. சொல்லுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்... கை வரவில்லை.