நடுக் கேபினில் முடிந்த பேரம்

நான் பொய் சொல்லுவேன். வடசேரி சந்தையில் மாட்டுத் தரகனுக்குப் பிறந்து, அதே சந்தையில் தரகு பார்த்துப் பிழைக்கிறவன் சொல்லாமல் இருக்க முடியாது. கிழட்டுக் காளையை இளங்காளை என்று தலையில் கட்டியிருக்கிறேன். ஆனால் ஆதாயம் இல்லாத பொய்யை இதுவரை சொன்னதில்லை. இனி எழுதப்போவதில் எனக்குக் காலணா ஆதாயம் கிடையாது. ஆகவே இதை நம்பலாம். நம்பாதவர்கள் ராத்திரியில் தனியாக இருந்து படித்துக்கொள்ளட்டும்.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல். நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். பிடித்த விரல் எத்தனையோ, அதுதான் விலை. ஐந்தையும் இரண்டு தடவை பிடித்தால் பத்து. உள்ளங்கையில் நகத்தால் சுரண்டினால், கட்டாது, குறை என்று அர்த்தம். கையை மொத்தமாகப் பற்றி ஒரு குலுக்கு குலுக்கினால் பேரம் முடிந்தது. பிறகு அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது. துண்டை எப்போதும் வாங்குகிறவன்தான் போடுவான். விற்கிறவன் போடமாட்டான்.

இது 1948, தை மாதம். என் மனைவி சண்முகவடிவுக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள். நானும்தான். அவளுடைய தாய்வீடு கொழும்பில். மாமனார் அங்கே கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். பேறுகாலம் பார்க்கக் கூட்டி வாருங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். குளச்சலில் கயிறும் கருவாடும் ஏற்ற வந்திருந்த ஒரு சின்னக் கப்பலில் ஆள் போக மூன்று கேபின் இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் அதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை.

வைத்தியர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஆட்டம் கொறஞ்ச எடமாப் பாத்துப் படுக்க வையும். வயிறு குலுங்கப்படாது."

கப்பலுக்கு ஆள் பிடித்துவிடுகிற முத்துநாயகம் எங்களை மத்தியானமே வள்ளத்தில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார். மூன்று கேபினும் வரிசையாக இருந்தன. முன்னால் இருந்ததில் அலை அடிப்பது தரையிலேயே தெரிந்தது. பின்னால் இருந்தது எஞ்சினுக்கு மேலே. தரை தோசைக்கல்லாகச் சுட்டது. நடுவில் இருந்தது பூட்டிக் கிடந்தது. பூட்டில் துரு.

"நடுவுல உள்ளது?"

"அது சாமான் அறை ஓய்."

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். சன்ன இடைவெளி விட்டு இரண்டு கட்டில். மேலே வெள்ளை விரிப்பு.

"சாமானுக்கு மெத்த விரிச்சுப் போட்டிருக்கீரே. முதுகு வலிக்கும்னா?"

அவர் சிரிக்கவில்லை. "முன்னால உள்ளத எடும். வாடகையில கால்வாசி கொறச்சுத் தாறேன்."

கேட்காமலே விலை குறைக்கிறவன் கிட்ட சூதானமா இரு என்பார் என் அப்பா. ஒளித்து வைத்த சரக்குதான் நல்ல சரக்கு. எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

"பூட்டத் தெறவும்."

"பிள்ளத்தாச்சி கூட இருக்கு. வேண்டாம்."

"அவளுக்காகத்தான் கேக்கேன். நடுவுலதான் ஆட்டம் கொறவு. வேற எவனோ பெரிய கைக்கு வச்சிருக்கீரு, இல்லியா?"

அரை மணி நேரம் வாயடித்தேன். கடைசியில் சாவியை என் கையில் போட்டார். "உம்ம இஷ்டம். ராத்திரி கூப்பிட்டா நான் கரையில இருப்பேன், கேட்டீரா."

அவர் வள்ளத்தில் இறங்கிப் போனதும் வடிவு சொன்னாள். "ஜெயிச்சாச்சுல்லா? செத்தாலும் எமன்கிட்ட ரெண்டு நாள் கொறச்சுக் கேப்பிய."

ஐந்தே கால் மணிக்கு நங்கூரம் எடுத்தார்கள். நான் எடுத்த கேபின் தொட்டில் மாதிரி இருந்தது. ஆட்டமே இல்லை. பக்கத்துக் கேபின்களில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டபோது, சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏழு மணி இருக்கும். வடிவு மூக்கைச் சுளித்தாள்.

"யாரோ கிராம்பு சவைக்காப்ல இருக்கு."

எங்களிடம் கிராம்பு இல்லை. வாசனை அவளுடைய தலையணையிலிருந்து வந்தது. என்னுடைய சிவப்புக்கரைத் துண்டை மடித்து அதன்மேல் விரித்தேன். அவள் அதில் தலை வைத்துப் படுத்தாள்.

"சாயங்காலத்துலேந்து பிள்ள அனங்கல," என்றாள் மெதுவாக.

"அதுவும் தூங்காண்டாமா?" என்றேன். ஆனால் முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அவளுக்கும் அது தெரியும்.

ஒன்பது பத்துக்குக் கதவைத் தாழிட்டேன். இழுத்தும் பார்த்தேன். பத்து மணிக்குக் கப்பல்காரர்கள் விளக்கை அணைத்தார்கள். நான் என் கட்டிலில் படுத்து, வலது கையை இடைவெளியைத் தாண்டி அவள் பக்கம் நீட்டி வைத்தேன். ஏதாவது என்றால் அவள் தொட்டால் போதும்.

பதினொன்று நாற்பது...

கட்டில் முனகியது. என்னுடையது அல்ல.

"எனக்க கால்மாட்டுல ஏன் இருக்கிய? போய்ப் படுங்க," என்றாள் வடிவு, தூக்கக் கலக்கத்தில்.

நான் என் கட்டிலில்தான் படுத்திருந்தேன்.

"நான் இல்லட்டி," என்றேன். அதற்குள் தூங்கிவிட்டாள். நானும் கனவு கண்டிருப்பாள் என்று கண்ணை மூடினேன்.

அடுத்து நான் வடசேரி சந்தையில் நின்றேன். கனவுதான். சுற்றிலும் மாடு, சாணி, சத்தம். கைமேல் துண்டு விழுந்தது. அடியில் ஒரு கை என் கையைப் பிடித்தது.

ஐந்து விரல். மறுபடியும் ஐந்து. பத்து.

என்ன சரக்கு என்று நான் கேட்கவில்லை. துண்டு என்னுடையது என்று நினைத்தேன். அப்படியானால் வாங்குகிறவன் நான்தான். எவனோ பத்து சொல்கிறான். முதலில் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டால் என் அப்பா சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து அடிப்பார். உள்ளங்கையில் சுரண்டினேன். ஒரு விரலைப் பிடித்தேன்.

அந்தக் கை அசையாமல் நின்றது. நான் சொன்னது விளங்காதது போல. மறுபடியும் நிதானமாக ஐந்து... ஐந்து.

சுரண்டினேன். இரண்டு.

கை நடுங்கியது.

சரி, பாவம் என்று இன்னொரு விரலைச் சேர்த்தேன். மூன்று. இதற்குமேல் கிடையாது.

சட்டென்று என் கையை மொத்தமாகப் பற்றி ஒரே குலுக்கு. நான் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போல அவசரமாக. அடடா, இன்னும் இழுத்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் விழிப்பு வந்தது.

சந்தை இல்லை. இருட்டு. எஞ்சின் சத்தம்.

என் கையை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது.

வடிவுதான் என்று நினைத்தேன். ஆனால் வடிவுக்குக் கைபாஷை தெரியாது...

"தூக்கத்துல யாருகிட்ட பேரம் பேசுதிய?"

குரல் கட்டிலிலிருந்து வரவில்லை. ஜன்னல் பக்கமிருந்து வந்தது. மூச்சு முட்டுகிறது என்று எழுந்துபோய், வடிவு அங்கே நின்றிருந்தாள்.

கை விடவில்லை.

ஈரமாக இருந்தது.

குளிர்ந்து இருந்தது.

பிறகு விட்டது. ஒவ்வொரு விரலாக...

சுண்டுவிரல் கடைசியில்.

இடது கையால் தீக்குச்சி கிழித்தேன். மூன்றாவது குச்சிதான் பற்றியது. கடிகாரத்தில் இரண்டு இருபது. போட்ட தாழ் போட்டபடி இருந்தது. ஜன்னல் ஒரு பூனை நுழையும் அளவு. எதிர்க் கட்டிலில் யாரும் இல்லை. தலையணைமேல் என் சிவப்புக்கரைத் துண்டு, விரித்தது விரித்தபடி இருந்தது.

என் கைமேல் இன்னொரு துண்டு கிடந்தது.

கரையில்லாத வெள்ளைத் துண்டு. சொட்டச் சொட்ட ஈரம். கிராம்பு வாசனை.

அதை ஜன்னல் வழியாகக் கடலில் எறிந்தேன். வடிவு வயிற்றைப் பிடித்தாள். நான் பதறிப்போய் அவளைப் பிடித்தேன். அவள் சிரித்தாள்.

"துள்ளுது. இஞ்ச தொட்டுப் பாருங்க. என்னா துள்ளு துள்ளுது."

கொழும்பில் சித்திரை முதல் வாரம் பெண் பிறந்தது. செல்லக்கனி என்று பேர் வைத்தோம். கருப்பட்டி நிறம். நல்ல ஆரோக்கியம். அந்த ராத்திரியை நான் மறந்தே போயிருப்பேன், ஒன்றே ஒன்று இல்லாவிட்டால். குழந்தை தூங்கும்போது வலது கையைத் துணிக்கு அடியில் வைத்துக்கொள்ளும். துணியை எடுத்தால் வீறிடும். அடியில் அந்தக் குட்டி விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும். யாரோ பிடிப்பது போல. யாரோ விடுவது போல.

மூன்று வயது நிறைந்த அன்று காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. முந்தின ராத்திரி பாயசம் குடித்துவிட்டுப் படுத்தவள். காய்ச்சல் இல்லை. பூச்சி கடித்த அடையாளம் இல்லை. கை துணிக்கு வெளியே கிடந்தது. உள்ளங்கை மட்டும் ஈரம்.

வடிவு அதை முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளையும் இல்லை.

1955 மார்கழியில் தக்கலையில் பஸ்ஸுக்கு நின்றபோது முத்துநாயகத்தைப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். டீக்கடைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, நடுக் கேபினில் இருந்தது யார் என்று கேட்டேன்.

"குலசேகரத்து ஆளு ஓய்," என்றார். "உம்மளப்போல மாட்டுத் தரகன். தொண்டையில புத்து. பேச்சு அத்துப் போச்சு. வலிக்கு எப்பவும் கிராம்பு சவைப்பான். வைத்தியத்துக்குக் கொழும்பு போனான். அவனுக்குப் பிள்ள கெடையாது. கப்பல்ல கைக்குழந்தையோட ஒரு குடும்பம். அதுங்ககிட்ட துண்டப் போட்டுப் பிள்ளைய வெலைக்குக் கேட்டிருக்கான். பிள்ளைக்க அப்பன் அடிச்சுத் தள்ளிட்டான். விடிஞ்சு பாத்தா நடுக் கேபின்ல செத்துக் கெடக்கான், கைய நீட்டிக்கிட்டு. கடல்லதான் போட்டாவ."

"துண்டு அவன் போட்டதா?"

"வாங்குகவன்தானே போடுவான்? உமக்குத் தெரியாததா?"

டீ ஆறிப்போனது. எனக்குத் தெரியும். அந்தத் துண்டு என்னுடையது அல்ல. அவன் வாங்க வந்தவன். பத்து வருஷம் கொடுக்க வந்தவன். நான்தான் சுரண்டிச் சுரண்டி...

"பூட்டி வச்சதுக்கு வேற ஒரு காரணமும் உண்டு," என்றார் அவர். "உமக்கு முந்தி அதுல ஒரு பிள்ளத்தாச்சி போனா. கடியப்பட்டணத்து லீமா. புருசன் கிளீட்டஸ் அந்தக் கப்பல்லதான் வேல. சும்மா கெடக்க கேபின்தானேன்னு படுக்க வச்சான். ராத்திரி பயந்து கத்தினா. அதுக்குப் பொறவுதான் பூட்டுனது."

மறுநாளே கடியப்பட்டணம் போனேன். லீமா கடற்கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். கருவாடு வாங்க வந்தவன் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்து, மெல்லக் கப்பலுக்குக் கொண்டுவந்தேன்.

"அத ஏன் கேக்கிய," என்றாள். "இருட்டுல ஒரு கை வந்து அஞ்சு வெரலையும் பிடிச்சுது. ரெண்டு மட்டம். நான் மாதாவேன்னு அனங்காமக் கெடந்தேன். ஒரு குலுக்கு குலுக்கிட்டு விட்டுட்டு. பொறவுதான் எனக்குக் குரலே வந்துது."

"ஒண்ணும் சொல்லலியா நீ?"

"என்னத்தச் சொல்ல? எனக்கு உயிரே இல்ல."

கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நல்ல வளர்த்தி. வலது கைமேல் அம்மாவின் பழைய சேலைத்துண்டு கிடந்தது. அதற்கு அடியில் ஏதோ அசைந்தது.

"எனக்க மவன்," என்றாள் லீமா. "கைய மூடாம தூங்க மாட்டான். சின்னதுலேந்து உள்ள பழக்கம்."

"எத்தன வயசு?"

"ஈஸ்டர் கழிஞ்சா பத்து தெகையும்."

நான் பையனையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லலாம். சொல்லி என்ன ஆகும்? குலுக்கிய கை குலுக்கியதுதான்.

"உங்களுக்கு எத்தன?" என்று கேட்டாள், மீனைப் புரட்டிக்கொண்டே.

விரலைக் காட்டினேன்.

"மூணு பிள்ளையளா?" என்றாள் லீமா. "குடுத்து வச்சவரு."