போட்டில் பெட்டி மாட்டிய நாள்

அன்று போட்டில் இருந்தவர்கள்: நான். எஞ்சின் பிடிக்கும் என் சித்தப்பா மகன். வலை இழுக்க வரும் பக்கத்து வீட்டுக்காரர். அப்புறம், அணியத்தில் என் அக்கா புருஷன். அணியம் போட்டின் முன்பக்கம். தண்ணீர் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே என்று கைகாட்டுகிற ஆள் அங்கேதான் நிற்பார். இருபது வருஷமாக மாமாதான் நின்றார்.

மாமாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை அடுத்தவன் வலை மேல் போட்டை ஏற்றினோம். வலை இருக்கும் இடத்தைக் காட்டும் மிதப்பு அவர் கண்ணில் படவில்லை. கேட்டால், "வெயிலு கண்ல அட்ச்சிதுடா" என்றார். அன்று மேகமூட்டம்.

அக்கா புருஷனிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? அவரே இறங்கிப் போகட்டும் என்று நினைத்தேன். மீன் காட்டும் பெட்டி ஒன்று வாங்கினேன்.

மாட்டுவதற்கு ஆள் கூப்பிடவில்லை. பூரணாங்குப்பம் கரையில் காலையில் ஆரம்பித்தேன். கூட வந்த புத்தகம் இங்கிலீஷ். படத்தைப் பார்த்துச் செய்தேன். தண்ணீருக்குள் இருக்க வேண்டிய உருண்டையைப் பின்பக்கம் பலகை வைத்து முடுக்கினேன். திருகு இறங்கிய இடத்தில் சிலிக்கான் பூசினேன். வயரை ஓரமாகக் கொண்டுவந்து பழைய பைக் பேட்டரியில் கொடுத்தேன்.

முதல் ஓட்டத்தில் திரை முழுக்க மீன்.

"அண்ணே, ஐஸ் பத்தாதுண்ணே" என்றான் சித்தப்பா மகன்.

எல்லாம் எஞ்சின் விசிறி கிளப்பிய நுரை. உருண்டையை விசிறிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். கரைக்குத் திரும்பி ஒரு முழம் தள்ளி வைத்தேன். மாமாதான் போட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். "நல்லா முடுக்குடா, கயண்டுரப் போவுது" என்றார்.

இரண்டாம் ஓட்டத்தில் நுரை இல்லை. ஓர் எண் மட்டும் நின்றது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, இங்க வா. இன்னா ஆழம்னு பட்ச்சி சொல்லு."

வந்து குனிந்தார். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோனார். கையால் வெயிலை மறைத்தார். அப்புறம் நிமிர்ந்து, காலை அகட்டி நின்று, போட்டு ஆடுவதைக் கவனித்தார்.

"மூணு" என்றார்.

சித்தப்பா மகன் சிரித்தான். "மூணா? பதினெட்டு போட்டுக்கீது மாமா."

"நேரா உன் வூட்டுக்குத்தான் போறியாப்பா, இல்ல அடுத்த வூட்ல பூந்துர்றியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நானும் சிரித்தேன். மாமாவின் சம்சாரம் என் அக்கா.

மாமா போட்டு ஆடுவதை வைத்துச் சொன்னது பாகக் கணக்கு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. பெட்டி காட்டியது அடிக்கணக்கு. இரண்டும் ஒன்றுதான். பெட்டியை அடிக்கணக்கில் வைத்ததே நான்தான். மூன்று பாகம் என்பது அந்த இருவருக்கும்கூடத் தெரியும். ஆனால் அவரால் படிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"உன் கண்ணு போச்சு மாமா. இன்னும் எத்தினி பேரு வலய அறுக்கணும்?"

"வூட்ல வெச்சி சொல்லியிருக்கலாம்டா."

"வூட்ல சொன்னா நீ எறங்க மாட்ட."

எஞ்சினைக் கிளப்பிக் கரைக்கு வந்தோம். மாமா சாப்பாட்டுத் தூக்கையும் அணியத்தில் கட்டியிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டார். வயர் காலில் மாட்டாமல் தடவித் தடவி இறங்கினார்.

சாயங்காலம் அக்கா வந்தாள்.

"பொட்டி வாங்கனியே, அவர ஒரு நாளு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனியாடா?"

ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

இப்போது போட்டு கரைக்கு வரும்போது மாமா தண்ணீரோரம் நிற்கிறார். எஞ்சின் சத்தத்தை வைத்து எங்கள் போட்டு என்று கண்டுபிடிக்கிறார். மற்றவர்களோடு கயிறு பிடித்து மேலே இழுக்கிறார். இழுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் மீன் கொடுப்பது வழக்கம். அவருக்கு மட்டும் கூடுதலாக அள்ளிப் போட்டால் மற்றவர்கள் கேட்பார்கள். நேற்று மத்தி மீன். மாமா பிளாஸ்டிக் கவரை விரித்து நீட்டினார். எல்லோருக்கும் போல எண்ணிப் போட்டேன்.

ஏழு.