பெரியப்பாவின் ரத்தமும் என் கணக்கு நோட்டும்

எங்கள் பெரியப்பாவுக்கு வருடத்தில் இரண்டு முறை பரீட்சை. ரத்தப் பரிசோதனையைத்தான் சொல்கிறேன். தேதி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடே படாத பாடு படும். ஒரு வாரத்துக்குப் பாகற்காய்ச் சாறு, சீனி போடாத தேத்தண்ணி. அவருக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லாருக்கும். ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்றே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் இரண்டு தம்ளர் பாயசம் குடிப்பார். அப்புறம் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். தபால்காரர்கூடத் தப்பவில்லை.

எனக்குப் பத்து வயதானபோது, அவர் கண்ணில் ஏதோ கோளாறு என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. பெரியப்பா தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். எதிரில் நிற்பவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

"அண்ணே, ஒரு நடை கண் டாக்டர பாத்துட்டு வந்துருவோம் லா."

"சீனி இல்ல, கொழுப்பு இல்ல. ரத்தம் இவ்வளவு சுத்தமா இருக்கறப்ப கண்ணுக்கு என்னடா வரும்?"

உடனே பிளாஸ்டிக் உறை வெளியே வரும். அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் டாக்டரிடம் போகாததற்கு நான் ஏன் அவதிப்பட வேண்டும்? என் கணக்கு நோட்டைத் தினமும் பார்ப்பது அவர் வேலை. அந்த வருடம் நான் போட்ட கோடெல்லாம் அவருக்குக் கோணலாகிவிட்டது. ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன் என்று எத்தனை முறை சொல்வது? "நடுவுல நெளியுது பாரு, அழிச்சிட்டுப் போடு" என்பார். ஒரே பக்கத்தை மூன்று முறை போட்டதில் தாள் கிழிந்தது. அதற்கும் எனக்குத்தான் திட்டு. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள், கடையில் வாங்கிய கட்டத் தாள் ஒன்றை நோட்டுக்குள் வைத்து நீட்டினேன்.

"இதுவும் நெளியுதே புள்ள. கவனமே இல்ல உனக்கு."

"இது நான் போட்டதில்ல பெரியப்பா. கடையில வாங்கினது. மிஷின் போட்ட கோடு" என்று வீடே கேட்கக் கத்தினேன். அடுப்படியில் அம்மா சிரிப்பது கேட்டது.

பெரியப்பா சிரிக்கவில்லை. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டார்.

"நேராத்தான் இருக்கும்மா" என்றார்.

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டால் நேர்க்கோடு நெளிந்து தெரியும், ரத்தத்தில் சீனியும் கொழுப்பும் சரியாக இருந்தாலும் அது வரலாம் என்று பல வருடங்கள் கழித்து ஒரு கண் டாக்டர் எனக்குச் சொன்னார். அப்போது பெரியப்பா உயிரோடு இல்லை. கடைசி ஆறேழு வருடம் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமலே இருந்து போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தாளுக்குப் பிறகு அவர் என் நோட்டைப் பிரிக்காமலே "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவார். தொல்லை விட்டது என்று பள்ளித் தோழிகளிடமெல்லாம் பெருமையடித்தேன். அவர் கண்ணை மூடி மூடிப் பார்த்ததை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய சேதி என்று எனக்குத் தெரியாது.