கண்காட்சியில் ஒரு தூக்கம்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் மெத்தைக்குத்தான் அடி விழும். மனிதர்களை அவள் கை நீட்டி அடித்ததில்லை, என்னைத் தவிர. டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் மெத்தை தைக்கிறாள். ஐந்தாறு பெண்கள், தையல் மெஷின்கள், ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஃபோம், மூக்கில் ஏறும் தூசி. தைத்து முடித்ததும் மெத்தையை நிமிர்த்தி வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைப்பாள். சத்தத்தை வைத்தே உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவாளாம். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

தலையணை உறை தைத்துக் கொடுப்பதில் ஆரம்பித்தவள். அத்தானுக்கு வேலை போன வருஷம், உறை தைக்கிறவளுக்கு மெத்தை தைக்கத் தெரியாமலா போகும் என்று சொல்லி வீட்டிலிருந்த ஒரே நல்ல மெத்தையைக் கூடத்தில் போட்டுப் பிரித்தாள். பிரித்ததைத் திரும்ப மூடத் தெரியவில்லை. அது தெரிகிற வரைக்கும் குடும்பமே தரையில் படுத்தது. அவ்வளவு பிடிவாதம். இப்போது அத்தான் அவளுடைய வேனை ஓட்டுகிறார். முதலாளியம்மா என்று கூப்பிட்டு அவ்வப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

தைத்ததையெல்லாம் இத்தனை காலம் ஒரே பெரிய கடை எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடை கைமாறியது. புதிதாக வந்தவர்கள் இனிமேல் வேண்டாம் என்று ஒரே போனில் முடித்துவிட்டார்கள். வேறு ஆர்டர் கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். தைக்கிற பெண்களில் இரண்டு பேர் வீட்டில் அவர்கள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதனால்தான் அக்கா வணிகக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தாள். துணைக்கு என்னை அலுவலகத்தில் லீவு போட்டு வரச் சொன்னாள். சொன்னாள் என்று நான் எழுதுவது மரியாதைக்காக.

எங்களுக்குக் கிடைத்த இடம் கழிவறைக்குப் போகிற வழி. போகிறவர்கள் அவசரத்தில் போனார்கள், வருகிறவர்கள் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தார்கள். மெத்தையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் கால் கடுத்துப்போய் உட்கார இடம் தேடியவர்கள். இலவசப் பேனாவும் துணிப்பையுமாக வந்து உட்கார்ந்தார்கள். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போகிற வழி எது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"இவங்களை எழுப்பி விடட்டுமா?" என்று அக்காவின் காதில் கேட்டேன்.

"உட்காரட்டும் விடு. காலியா இருக்கிற கடைக்கு எவன் வருவான்?"

பக்கத்து ஸ்டால்காரர் ஒரு ஜூஸ் மெஷினோடு வந்திருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். பழத்தை மேலே போட்டால் தோலை உரித்து, பிழிந்து, சக்கையைத் தனியாகத் தள்ளும் மெஷின். அவரே செய்தது. அதை ஓடவிட்டவுடன் எங்கள் ஸ்டாலில் விளக்கு அணைந்தது. அக்கா சண்டைக்குப் போனாள். இரண்டு ஸ்டாலுக்கும் ஒரே லைன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அரங்கத்து எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "லோடு ஜாஸ்தி. மேலே சொல்லியிருக்கேன்" என்றார். அந்த மேலே எங்கே இருக்கிறது என்பது கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் ஸ்டாலில் ஆள் இல்லாதபோது அவர் மெஷினை ஓட்டிக்கொள்வது என்று பேசி முடிவானது. எங்கள் ஸ்டாலில் எப்போதுமே ஆள் இல்லை என்பதால் ஏற்பாடு அவருக்கு வசதியாகப் போயிற்று.

பட்ட காலிலே படும் என்பார்களே, அன்று பிற்பகல் அந்த மெஷினில் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டது. ஆரஞ்சுச் சாறு நேராக எங்கள் வெள்ளை மெத்தை மேல் பாய்ந்தது. அக்கா பழக்க தோஷத்தில் மெத்தையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். மிச்சச் சாறு என் முகத்தில் தெறித்தது. ஜூஸ் மெஷின்காரருக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. உறையைக் கழட்டிக் குடுங்க. ரூமுக்குக் கொண்டுபோய்த் துவைச்சு எடுத்துட்டு வரேன்."

"நீங்க உங்க மெஷினைப் பாருங்கண்ணே. அதுவே பெரிய உதவி."

அவர் கேட்கவில்லை. குனிந்து ஜிப்பைத் திறக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலை நாங்கள் போனபோது உறையை இஸ்திரி போட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஸ்டால் முன்னால் நின்றார். கறையின் சுவடே இல்லை. ஆனால் அவர் கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க மோட்டரையும் கழற்றிப் பார்த்திருக்கிறார்.

"துணி பேச்சைக் கேட்டுடுச்சு. மோட்டர்தான் முறைச்சுக்கிட்டே இருக்கு" என்றார். "வீட்டுல போக வேணாம்னுதான் சொன்னாங்க. இதைத் தூக்கிட்டுப் போய் நாலு பேர் முன்னாடி அவமானப்படணுமான்னு கேட்டாங்க. நான் எங்கே கேட்டேன்?"

அன்றைக்குத்தான் விடுதிக்காரர் வருவதாக இருந்தது. தொழிலாளர்கள் தங்குகிற விடுதிகள் பல ஊர்களில் நடத்துகிறவர். அக்கா போன் மேல் போன் போட்டு, கண்காட்சிக்கு வருகிறேன், வந்தால் எட்டிப் பார்க்கிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவழைத்திருந்தாள். எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவர்தான். ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற கடையில் அவர் வந்து நின்றால் என்ன நினைப்பார் என்ற கவலை அக்காவைக் காலையிலிருந்தே பிடித்து ஆட்டியது.

ஜூஸ் மெஷின்காரர் தன் மெஷின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு தூங்கி விழுந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு மெத்தையைப் பார்த்தாள்.

"அண்ணே, இங்கே வந்து படுங்க."

"ஐயோ, வேணாம்மா. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்னுதான் சொல்றேன். உங்களுக்குத் தூக்கம், எங்களுக்கு விளம்பரம். உங்க மெஷினை என் தங்கச்சி பார்த்துப்பா."

அவர் சிரித்தார். செருப்பைக் கழற்றி, மெத்தை போட்டிருந்த கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு, யாரோ வீட்டு விருந்தாளி மாதிரி ஓரத்தில் படுத்தார். படுத்ததுதான் தெரியும், குறட்டை கிளம்பிவிட்டது. கழிவறையிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். முதலில் சிரித்தார்கள், அப்புறம் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். உரக்கப் பேசியவர்களை ஒரு பெண்மணி உஷ் என்று அதட்டினார். இத்தனை சந்தடியில் ஒரு மனிதர் இப்படித் தூங்க முடியுமா என்று வியந்து, மெத்தையின் விலையைக் கிசுகிசுத்துக் கேட்டார்கள். அக்காவும் கிசுகிசுத்தே பதில் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

கையிலிருந்த விளம்பரத் தாள்கள் தீர்ந்துபோயின. வேனில் இன்னொரு கட்டு இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்று என்னை விரட்டினாள். வேன் அரங்கத்தின் அந்தக் கோடியில், சரக்கு இறக்குகிற வாசலில் நின்றது. கட்டைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது எங்கள் ஸ்டாலுக்குள் நுழைய முடியவில்லை. முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடுவில் விடுதிக்காரர் நின்றிருந்தார்.

"நாலு விடுதிக்கும் உங்ககிட்டயே எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரே கவலைதான். எங்க ஆளுங்க இப்படித் தூங்கினா காலையில வேலைக்குப் போவாங்களா?"

கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேசும்போது மெத்தையைத் தட்டித் தட்டிப் பேசுகிறவள், அப்போது இரண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஆர்டர் கிடைத்த படபடப்பு என்றுதான் நினைத்தேன். எனக்கே உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது.

விடுதிக்காரர் அடுத்த வாரமே கொட்டகைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் கூட்டத்தைத் தாண்டினாரோ இல்லையோ, அக்கா திரும்பி, கட்டில் பக்கத்தில் மண்டி போட்டு ஜூஸ் மெஷின்காரர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே. அண்ணே, எழுந்திருங்க."

குறட்டை எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்திலிருந்த ஒருவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். முதலுதவிக்காரர்கள் வந்தார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது. அக்கா ஆம்புலன்ஸில் கூடவே ஏறிப் போனாள். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தாள்.

"போயிட்டாரு" என்றாள். அவ்வளவுதான். மெத்தையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

செய்தி அரங்கம் முழுக்கப் பரவியது. முதல் நாள் எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது தேடிக்கொண்டு வந்தார்கள். அந்த மெத்தையா இது என்று கேட்டார்கள். இரண்டு இளவட்டங்கள் படுத்துப் பார்க்கிறாயா என்று ஒருவனை ஒருவன் சீண்டிக்கொண்டார்கள். நான் வாயில் வந்தபடி திட்டி அனுப்பினேன். கண்காட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, ஸ்டாலைத் துணி போட்டு மூடிவிட முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அக்கா மெத்தையை நிமிர்த்திச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஆர்டர் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் துளிகூட இல்லை. நல்ல மனசு, தாங்க முடியவில்லை என்று அத்தானுக்குப் போனில் சொன்னேன்.

கடைசி நாள் எல்லோரும் ஸ்டாலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஜூஸ் மெஷின்காரருடைய மனைவி வந்தார். குள்ளமான பெண்மணி. மெஷினை எடுத்துப்போக வெளியே வண்டி நிற்கிறது என்றார். தன் ஸ்டாலுக்குப் போவதற்கு முன்னால் நேராக எங்களிடம் வந்தார்.

"நீங்கதானே அவருக்குப் படுக்க இடம் குடுத்தீங்க? ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நல்லாத் தூங்கினாரா?"

நான்தான் முந்திக்கொண்டேன். "நல்லாத் தூங்கினாரும்மா. குறட்டைகூட விட்டாரு."

"விடுவாரு" என்றார். உதடு லேசாக விரிந்தது. "பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அக்கா. அந்தக் குரல் எனக்குத் தெரியும். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமலேயே அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். உதறிவிட்டாள்.

"நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்தாரு. நெஞ்சுல கையை வச்சாரு. முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாரு. நான் பார்த்தேன். அப்போ ஆர்டர் குடுக்கிறவர் முன்னாடி நின்னு விலை பேசிக்கிட்டு இருந்தாரு. கலைஞ்சு போயிடுவாரோன்னு பயம். பேசி முடிக்கட்டும்னு நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

"என்கிட்டயும் சொன்னாரு" என்றார் அந்த அம்மாள்.

இவள் இதை ஏன் சொல்கிறாள், யார் கேட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள் அறைவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அறைந்திருப்பேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த மெத்தையை வெகுநேரம் பார்த்தார்.

"ஆர்டர் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது" என்றாள் அக்கா.

அவர் தலையை அசைத்தார். பக்கத்து ஸ்டாலுக்குப் போய், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினார். மெஷினைத் தனியாகத் தூக்கிப் பார்த்தார். அது நகரவில்லை. அக்கா ஓடிப்போய் மறுபக்கம் கை கொடுத்தாள்.

"நீங்க பிடிக்க வேணாம்" என்றார் அவர், சத்தம் போடாமல். "தங்கச்சி பிடிக்கட்டும்."

அக்கா கையை எடுத்துக்கொண்டு வழிவிட்டு நின்றாள். நான் போய் அந்தப் பக்கத்தைப் பிடித்தேன்.