அம்மாவின் நடை

பனிச் சப்பாத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் மேசைகளுக்கு நடுவே நொண்டி நொண்டி நடக்கிறார். வலது காலை வைத்து, சற்று நின்று, இடது காலை இழுக்கிறார். கடையில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிறது. அவருடைய காலில் ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் என் அம்மா எப்படி நடக்கிறார் என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இடம் கனடாவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு கோப்பிக் கடை. நிவாரண அமைப்பொன்றின் தாதியான அவர், போர் நடந்த ஊரில் வேலை செய்துவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பியிருந்தார். அம்மா கொடுத்துவிட்ட இலக்கத்துக்கு அழைத்து என்னை வரச் சொன்னார்.

ஷெல் விழுந்து அம்மாவுக்குக் காலில் காயம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிறகு வந்த கடிதங்களெல்லாம் 'அம்மா சுகம், யோசிக்க வேண்டாம்' என்றன. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? தூரத்தில் இருப்பவருக்குச் சாவைக்கூடச் சுகம் என்றுதான் எழுதுவார்கள். கால் போய்விட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன். கதிரையில் இருக்குமுன்பே தாதியிடம் கேட்டேன், கால் இருக்கிறதா என்று.

இருக்கிறது, நடக்கிறார் என்றார். நான் நம்பாதது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கோப்பியை வைத்துவிட்டு எழுந்து நடந்தார். கடைசி மேசையில் கையூன்றி, இடது தொடையில் ஓர் அடி போட்டு, "சனியன் பிடிச்ச கால்!" என்றார், சுத்தத் தமிழில். அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகு என்னிடமே கேட்டார். அம்மா உயிரோடு, காலோடு, கோபத்தோடு இருக்கிறார்! சிரிக்கத் தொடங்கி, கடை அதிர அழுதேன்.

சில வருடங்களில் அம்மா இங்கே வந்தார். விமான நிலையத்தில் முகம் தெரியுமுன்பே நடை தெரிந்தது. காரில் வரும்போது சொன்னேன்: "உங்கட நேர்ஸ் மிஸ்ஸி உங்களை மாதிரியே நடந்து காட்டினவ, அம்மா."

"என்னை மாதிரியோ?" அம்மா திரும்பிப் பார்த்தார். "இனி எழும்பமாட்டன் எண்டு கிடந்தனான் பிள்ளை. எனக்கு இங்கிலீசு தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. வெளியில ஷெல்லடி. அவ எனக்கு முன்னால நாளும் பொழுதும் நொண்டி நொண்டி நடந்து காட்டுவா. நான் அவவைப் பாத்தெல்லோ நடக்கப் பழகினனான்!"

அதற்குள் அந்தத் தாதி வேறொரு நாட்டுப் போருக்குப் போயிருந்தார். நேரில் நன்றி சொல்லக் கிடைக்கவேயில்லை. இப்போது ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில், எங்கள் வீட்டில், அம்மா காலைத் திட்டியபடி தேநீருக்கு வருகிறார். வலது கால், சிறு நிறுத்தம், இழுபடும் இடது கால். நான் சுவரோடு ஒதுங்கி, இருவருக்கு வழி விடுகிறேன்.